இருநூறில் நின்ற ரேடியோ

உங்கள் வீட்டுப் பரணில் பழைய வால்வு ரேடியோ ஏதாவது இருக்கிறதா? இருந்தால், ஆசையாக எடுத்துத் துடைத்து உடனே பிளக்கில் சொருகிவிடாதீர்கள். நான் சொருகினேன். அந்தக் கதைதான் இது.

2014 டிசம்பர். அப்பா போய் ஒரு வருஷம். திருவேட்டக்குடி வீட்டில் அம்மா மட்டும். "அப்பா ரேடியோவைப் பாட வைடா" என்றாள். வேறெதுவும் கேட்காதவள்.

காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962-ல். அதற்கு இரண்டு வருஷம் கழித்து அப்பா வாங்கிய ரேடியோ. கடலோர ஊர் இல்லையா, இலங்கை வானொலி பக்கத்து வீட்டில் பேசுவது மாதிரி கேட்குமாம். மயில்வாகனம் குரலைக் கேட்டுவிட்டுத்தான் அடுப்படிக்கே போவாளாம் அம்மா.

சொருகினேன். 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். பின்னாலேயே மெழுகு கருகும் வாடை. பிடுங்கிவிட்டேன். படித்தது பி.காம். வேறென்ன தெரியும்? "உள்ளே இருக்கறதைத் தூக்கிப் போட்டுட்டு புளூடூத் ஸ்பீக்கர் வெச்சுடலாம்மா" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை. மத்தியானம் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் காரைக்காலிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தேன். அந்தக் காலத்து ரேடியோ மெக்கானிக். வந்தவர் ரேடியோவைத் தொடவே இல்லை. சுவரில் இருந்த பிளக்கில் மீட்டரை வைத்தார். 232 வோல்ட்.

"வர்றது எவ்வளவுன்னு தெரியாம, உள்ளே எங்க கொறையுதுன்னு எப்படித் தம்பி சொல்றது?"

சுருக்கென்றது. ஓப்பனிங் பேலன்ஸ் பார்க்காமலே நான் நஷ்டக் கணக்கு எழுதிவிட்டேன்!

காய்ந்துபோன கண்டன்சர்களை மாற்றினார். வால்வுகளின் கால்களில் உப்புக்காற்று படிய வைத்திருந்த பச்சையைச் சுரண்டினார். பிறகு ஒரு நூறு வாட்ஸ் குண்டு பல்பை சீரியஸில் போட்டு கரண்ட் கொடுத்தார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், ரேடியோ பிழைக்கும். பல்பு மங்கலாகத்தான் எரிந்தது. அப்புறம்தான் நேர் சப்ளை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சுவிட்சை அணைத்த பிறகும் கண்டன்சருக்குள் 250 வோல்ட் பதுங்கியிருக்கும். தெரியாதவர்கள் கை வைக்காதீர்கள்.

வால்வைச் சூடாக்கும் இழைக்கு 6.3 வோல்ட் வர வேண்டும். வந்தது 7.3. மற்ற வால்வுகள் வேலை செய்ய 250 வோல்ட் டி.சி. வேண்டும். வந்தது 160. ஒரு பக்கம் அதிகம், இன்னொரு பக்கம் குறைச்சல். எனக்குத் தலை சுற்றியது.

பெரியவர் ரேடியோவின் முதுகைக் காட்டினார். 110, 200, 220, 240 என்று நான்கு ஓட்டைகள். சின்ன பிளக் ஒன்று 200-ல் நின்றது.

அந்த நாளில் சாயங்காலமானால் எங்கள் ஊரில் வோல்டேஜ் படுத்துவிடும். அதற்காக அப்பா 200-ல் வைத்தார். அதுதான் சரி. பிறகு கரண்ட் தேறியது. பிளக்கை யாரும் மாற்றவில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறி, ஏ.சி.யை டி.சி.யாக்கும் வால்வு தளர்ந்துவிட்டது. அதிகமாகக் கொடுத்ததால் வந்த குறைச்சல்! தன் பெட்டியிலிருந்து ஒரு பழைய ஈஇஸட் 80 வால்வை எடுத்துப் பொருத்தினார். பிளக்கை 240-க்கு மாற்றினார்.

சாயங்காலம் திருச்சி வானொலியில் பாட்டு. அம்மா ஓடி வந்தாள். வந்தவள் முதல் காரியமாக ஃபேனை அணைத்தாள். அந்தக் காலத்துப் பழக்கம். வோல்டேஜ் குறைந்துவிடுமே!

அம்மாவும் இன்னும் 200-லேயே நிற்கிறாள் என்று தோன்றியது. தனியாக இருப்பவள், ஒரு லைட்டுக்கு மேல் போடமாட்டாள். ஒரு வேளை சமைத்து இரண்டு வேளை சாப்பிடுவாள். பணம் அனுப்புவதோடு நானும் சுவர் பிளக்கைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

"ஃபேன் போட்டுக்கோம்மா. இப்பல்லாம் வோல்டேஜ் குறையாது."

"அது எனக்குத் தெரியாதா? ஃபேன் சத்தத்துல பாட்டு கேக்கலைடா" என்றாள். "நீயும் செத்த உட்காரு."

உட்கார்ந்தேன். ராத்திரி பஸ்ஸுக்கு எடுத்திருந்த டிக்கெட்டை மறுநாள் காலையில்தான் கிழித்துப் போட்டேன்.