ஏறிய துறை

வெள்ளவத்தைக் கடற்கரையில் நடந்து பழகிய எனக்கு, பாறையிலிருந்து ஆறு குதித்து விழும் இடத்துக்கே ஓடத்தில் போகலாம் என்று நண்பர்கள் சொன்னபோது நம்பிக்கை பிறக்கவில்லை. தமிழகம் சென்றிருந்த வேளையில் தருமபுரியிலிருந்து பேருந்தேறி ஒகேனக்கல் போய்ச் சேர்ந்தேன்.

கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை. புகையும் கல் என்பதே ஊர்ப்பெயரின் பொருள். கருநாடகத்தைக் கடந்து தமிழகத்துள் நுழையும் காவிரி, அங்கே பல கிளைகளாகப் பிரிந்து பாறைகளினின்று வீழ்கிறது; நீர்த்திவலை புகைபோல் எழுகிறது.

பரிசல் என்பது மூங்கிற் பிளாச்சுகளால் முடைந்த வட்டமான பெருங்கூடை. முன்னாளில் அடியில் தோல் போர்த்தினார்கள். இன்று பிளாஸ்டிக் தாளும் தாரும். அடி தட்டையாதலால் ஆழமற்ற நீரிலும் பாறையிடுக்கிலும் மிதக்கும். முன்புறமும் இல்லை, பின்புறமும் இல்லை. ஒற்றைத் துடுப்பால் ஒரு மனிதன் அதனை ஆள்கிறான். வெள்ளம் பெருகினால் பரிசலை நிறுத்திவிடுவார்கள். அன்று அவனுக்குக் கூலியும் இல்லை.

நால்வர் மிதவைச் சட்டை அணிந்து ஏறினோம். இருமருங்கும் செங்குத்தான பாறைச் சுவர்கள். அருவியின் இரைச்சலில் பேச்சு அடங்கிற்று. பரிசற்காரத் தம்பி வேண்டுமென்றே பரிசலைச் சுழற்றினார். வானமும் பாறையும் அருவியும் ஒன்றையொன்று துரத்தின. நீர் முகத்தில் அறைந்தது. அறுபதைக் கடந்த நான் சிறுவனைப் போலக் கூவினேன்.

திரும்பும்போது அமைதியான நீரில் அவர் கேட்டார்:

“ஐயாவுக்கு எந்த ஊருங்க?”

“கொழும்பு, தம்பி.”

துடுப்பு ஒரு கணம் நின்றது.

“எங்க பாட்டி கண்டிச் சீமையிலதாங்க பொறந்தாங்க. சின்ன வயசுல கப்பல்ல ஏத்தி அனுப்பிட்டாங்களாம்.”

1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தொழிலாளரை நாடற்றோராக்கியது. 1964இல் கொழும்பும் டில்லியும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அவர்களைப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாருக்கு அவர்களைக் கொண்டுசென்ற இரயிலை மலைநாட்டார் ‘அழுகைக் கோச்சி’ என்றார்கள். இவற்றை வகுப்பில் எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன்.

ஆனால் பரிசலில் என் நினைவுக்கு வந்தது வேறு. நான் சிறுவனாயிருந்தபோது கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு வேலைக்கு ஒரு தோட்டத்துச் சிறுமி நின்றாள். என் வயதுதான். என் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளி வாசல்வரை வருவாள், உள்ளே வந்ததில்லை. ஒருநாள் அவள் தகப்பன் வந்து, இந்தியாவுக்குப் போகிறோம் என்று அழைத்துச் சென்றார். எந்த ஊருக்கு என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் என் பையை யார் தூக்குவது என்பதே எனக்குப் பெருங்கவலை.

பாட்டியின் பெயரைத் தம்பியிடம் கேட்க நாவெழுந்தது, கேட்கவில்லை. கேட்டுத்தான் என்ன பயன்? அந்தச் சிறுமியின் பெயரையே நான் அறியேன். “பிள்ளை” என்றே அவளை அழைத்தோம்.

அரைமணி நேர அச்சத்தைக் காசு கொடுத்து வாங்கியவன் நான். ஏறிய துறையிலேயே பத்திரமாக இறங்கினேன். அவர்களை ஏற்றிய கப்பலில் துடுப்பு அவர்கள் கையில் இல்லை. ஏறிய துறைக்குத் திரும்பும் வழியும் இல்லை. அவர்களுடைய கதையைக் கற்பித்த நான், என் வீட்டு அடுக்களையில் தூங்கியவளை அதில் ஒருநாளும் சேர்த்ததில்லை. இனி அங்கிருந்துதான் அந்தப் பாடத்தைத் தொடங்க வேண்டும்.