வாஞ்சி கையில் இருந்தது ரிவால்வர் அல்ல

ஜூன் 17 வந்தால் வாஞ்சிநாதனைப் பற்றி யாராவது பேசுவார்கள். பள்ளிக்கூடங்களில் நாடகம் போடுவார்கள். வாஞ்சி வேஷம் கட்டும் பையன் கையில் கட்டாயம் ஒரு ரிவால்வர் இருக்கும். நடுவில் உருளை சுழலுமே, தீபாவளிக்கு நாம் ரோல் கேப் போட்டுச் சுட்டோமே, அந்த மாதிரி. ஆனால் 1911இல் மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷைச் சுட்டது ரிவால்வர் அல்ல. பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் ஆட்டோமேட்டிக் பிஸ்டல்.

"ரெண்டும் சுடத்தானே போகுது, இதுல என்னங்க வித்தியாசம்?" என்று வீட்டில் கேட்டார்கள். வித்தியாசம் இருக்கிறது. முக்கியமாக, குழலில் இருக்கிறது. நான் துப்பாக்கி சுட்டவன் அல்ல. முப்பது வருஷத்துக்கு மேல் பனியன் கம்பெனிகளில் நிட்டிங் மெஷினைக் கழற்றி மாட்டிய ஃபிட்டர். எந்த மெஷினின் படத்தைப் பார்த்தாலும், எது நிற்கிறது, எது அசைகிறது, ஸ்பிரிங் எங்கே இருக்கிறது என்றுதான் கண் போகும். பிரௌனிங்கின் உள் படங்களையும் அப்படித்தான் பார்த்தேன்.

ரிவால்வரில் தோட்டா உட்காருவது உருளைக்குள். குழல் என்பது இரண்டு பக்கமும் திறந்த வெறும் குழாய். உருளைக்கும் குழலுக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கும். ஐந்தோ ஆறோ தோட்டாவைச் சுமக்க வேண்டியிருப்பதால் உருளை புடைத்துக்கொண்டு நிற்கும். கோட்டுப் பையில் போட்டால் வெளியே தெரியும்.

பிஸ்டலில் தோட்டா உட்காரும் அறை குழலின் பின்பகுதியிலேயே கடைந்திருக்கும். மற்ற தோட்டாக்கள் கைப்பிடிக்குள் மேகசினில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். புடைப்பு கிடையாது, தட்டையாக இருக்கும். சுட்டதும் காலித் தோட்டா பின்னால் உதைக்கும். அந்த உதையில் ஸ்லைடு என்ற மேல்கூடு பின்னால் போய், காலியை வெளியே எறிந்துவிட்டு, ஸ்பிரிங்கின் தள்ளலில் முன்னே வரும்போது அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றிவிடும். சுடுகிறவர் விசையை மட்டும் இழுத்தால் போதும்.

இதை வடிவமைத்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங். அமெரிக்காவில் ஊட்டா மாகாணத்து ஆக்டன் ஊர்க்காரர். அப்பாவும் துப்பாக்கிக் கொல்லர். பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்தை ஒட்டிய ஹெர்ஸ்டாலில் எஃப்.என். என்ற தொழிற்சாலை அவருடைய பிஸ்டல்களைச் செய்து உலகம் முழுக்க விற்றது. 1926இல் அவர் இறந்ததும் அந்தத் தொழிற்சாலைக்குள்தான்.

அவர் செய்த சின்ன பிஸ்டல்கள் வெளிப்பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். குழலைப் பார்த்தால்தான் எது எது என்று பிடிபடும். ஸ்பிரிங்கைக் குழலுக்கு எந்தப் பக்கம் வைத்தார் என்பதுதான் அடையாளம்.

1900 மாடலில் ஸ்பிரிங் குழலுக்கு மேலே, தனிக் கூட்டில் இருக்கிறது. முன்னால் இருந்து பார்த்தால் இரட்டைக் குழல் மாதிரி தெரியும். கீழே இருப்பதுதான் குழல். அது உடம்போடு அசையாமல் பொருத்தப்பட்டது, ஏறக்குறைய 10 செ.மீ. நீளம். மொத்த எடை 625 கிராம். குழல் கைக்கு அருகில் தாழ்வாக இருப்பதால், சுடும்போது முனை அதிகம் மேலே எகிறாது.

1903 மாடலில் ஸ்பிரிங்கைக் குழலுக்குக் கீழே கொண்டுவந்தார். குழலின் அடியில் பற்கள் வெட்டி, அவை உடம்பில் உள்ள வெட்டுகளில் போய் உட்காருமாறு செய்தார். குழலைத் திருப்பினால் கழன்றுவிடும், ஸ்குரூ தேவையில்லை. இது கொஞ்சம் பெரியது. குழல் 12.7 செ.மீ.

1910 மாடலில் ஸ்பிரிங்கைக் குழலைச் சுற்றியே மாட்டிவிட்டார். மேலேயும் கீழேயும் தனியாக இடம் வேண்டாம். பிஸ்டல் இன்னும் ஒல்லியானது. குழல் 9 செ.மீ.க்கும் கொஞ்சம் குறைவு, எடை 590 கிராம். குழல் முனையில் சொரசொரப்பான ஒரு வளையம் இருக்கும். அதை அழுத்தித் திருப்பினால் ஸ்பிரிங் வெளியே வந்துவிடும்.

மேலே, கீழே, சுற்றிலும் என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும்.

1910 மாடலில் இன்னொரு சங்கதி நம்மூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். அது 7.65 மி.மீ., 9 மி.மீ. ஷார்ட் என்று இரண்டு தோட்டா அளவுகளில் வந்தது. குழலை மட்டும் மாற்றினால் ஒன்று இன்னொன்றாகிவிடும். நாம் அதே ஃபிரேமில் சிலிண்டரை மாற்றி கேஜை மாற்றுகிறோம் அல்லவா, அதே கணக்கு. பிறகு யூகோஸ்லாவிய ராணுவம் நீளமான குழலும் கூடுதல் தோட்டாவும் வேண்டும் என்று கேட்டது. எஃப்.என். முதலாளிகள் ஸ்லைடுக்குப் புது அச்சு போடவில்லை. பழைய ஸ்லைடின் முன்னால் ஒரு மூக்கை மாட்டி நீட்டி, 11 செ.மீ.க்கு மேல் குழல் வைத்து 1922 மாடல் என்று விற்றார்கள். ஆர்டர் வந்தால் இருக்கிற மெஷினை வைத்தே சமாளிப்பது உலகம் பூரா ஒரே மாதிரிதான்.

இந்த வித்தியாசம் தெரியாமல் புத்தகங்களே தடுமாறியிருக்கின்றன. 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரை கவ்ரிலோ பிரின்சிப் சுட்டார். முதல் உலகப் போருக்குத் திரி கிள்ளிய குண்டு அது. பல புத்தகங்களில் அந்தத் துப்பாக்கி 1900 மாடல் என்று போட்டிருக்கும். உண்மையில் அது 9 மி.மீ. ஷார்ட் குழல் மாட்டிய 1910 மாடல்.

மணியாச்சிக்கு இதே கணக்கைப் போடுவோம். 1910 மாடல் பெயரில்தான் 1910. கடைக்கு வந்தது 1912இல். எனவே 1911 ஜூனில் வாஞ்சி கையில் இருந்த பிரௌனிங் அதற்கு முந்தைய ரகம்தான்.

பிரௌனிங் இங்கே வந்து சேர்ந்த பாதையும் கவனிக்க வேண்டியது. 1878 ஆயுதச் சட்டப்படி இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைக்க முடியாது. 1909இல் லண்டனிலிருந்து சாவர்க்கர் 20 பிரௌனிங் பிஸ்டல்களை ஒரு பெட்டியின் கள்ள அடித்தட்டுக்குள் மறைத்து அனுப்பினார். அவற்றில் ஒன்றால்தான் அந்த டிசம்பர் 21 அன்று நாசிக் கலெக்டர் ஜாக்சன் சுடப்பட்டார். லண்டனில் சாவர்க்கரோடு இருந்த வ.வே.சு. ஐயர் பிறகு பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரிக்கு வந்தார். அங்கே வாஞ்சி அவரிடம் சுடப் பழகினார். பெட்டியின் அடித்தட்டில் 20 ரிவால்வரை அடுக்கிப் பாருங்கள், அடங்காது. தட்டையாக இருந்ததால்தான் பிரௌனிங் கடல் தாண்டியது.

இங்கேதான் எனக்குள் ஒரு சங்கடம். மெஷின் என்று பார்த்தால் கை தட்டத் தோன்றுகிறது. எத்தனை குறைந்த பாகம், ஒரு இடம்கூட வீண் இல்லை. ஆனால் அத்தனை சிக்கனமும் எதற்கு? ஒரு தனி மனிதன் யாருக்கும் தெரியாமல் இன்னொரு மனிதனுக்கு அருகில் போவதற்கு. செங்கோட்டை வாஞ்சி 25 வயது வனத்துறை ஊழியர், படைவீரர் அல்ல. ஆஷ் அன்று மனைவியோடு ரயில் பெட்டியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளைப் பார்க்கக் கொடைக்கானல் போகிற வழி. சுட்டுவிட்டு வாஞ்சி பிளாட்பாரத்துக் கழிவறைக்குள் போய்த் தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் தியாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. சின்னக் குழல் பெரிய காரியத்தை எவ்வளவு சுலபமாக்கிவிட்டது என்றுதான் சொல்கிறேன்.

அதே சுலபம் 1948 ஜனவரி 30 அன்று டெல்லி பிர்லா மாளிகையிலும் வேலை செய்தது. கோட்ஸே கையில் இருந்தது இத்தாலியின் பெரெட்டா 1934 மாடல். அதுவும் அசையாத சின்னக் குழல் கொண்ட பிஸ்டல். அதற்குள் போன தோட்டாவும் பிரௌனிங் வடிவமைத்த அதே 9 மி.மீ. ஷார்ட். சரயேவோவில் வெடித்ததும் அதுதான், காந்தி மேல் பாய்ந்ததும் அதுதான். ஆயுதத்துக்குக் கொள்கை கிடையாது. யார் கையில் இருக்கிறதோ அவர் சொன்னபடி கேட்கும்.

மணியாச்சி நடந்து இருபது ஆண்டு கழித்து, 1932 ஜனவரி 10 அன்று நம் திருப்பூர் வீதியில் குமரன் ஊர்வலம் போனார். அடி விழுந்தது, மண்டை பிளந்தது, மறுநாள் உயிர் போனது. கையில் இருந்தது ஒரு கொடி மட்டும். வாஞ்சிக்கும் குமரனுக்கும் ஒரே வெறி, விடுதலை வெறி. சாகும்போது இரண்டு பேருமே இளைஞர்கள். இருவரில் யார் பெரியவர் என்று தராசு தூக்க நமக்குத் தகுதி இல்லை. ஆனால் இருவர் கையிலும் என்ன இருந்தது என்பதைச் சரியாகச் சொல்லும் கடமை நமக்கு உண்டு.

ஆகவே, நாடகம் போடும் வாத்தியார்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வாஞ்சி வேஷக்காரப் பையனுக்கு அட்டையில் தட்டையான ஒரு பிஸ்டல் வெட்டிக் கொடுங்கள், செலவும் குறைவு. கூடவே, அதைத் தூக்கிக்கொண்டு போன மனிதன் அன்று திரும்பி வரவில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.