சூப்ராவும் தவுக்கேயும் நம்ம சமையல்கட்டும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. டிவி நாடகத்துல ஆரம்பிச்சு நம்ம சமையல்கட்டுக்கு வரும். பொறுமையா படிங்க.

'புவா சூ காங்' ஞாபகம் இருக்கா? நாற்பது வயசு தாண்டின ஜொகூர்காரங்களுக்கு விளக்கமே தேவையில்ல. சுருட்டை முடி, முகத்துல பெரிய மச்சம், காலில் மஞ்சள் பூட்ஸ். சிங்கப்பூர் சேனல் 5-ல 1997-ல ஆரம்பிச்சு 2007 வரைக்கும் ஓடின காமெடி. வீடு உடைச்சுக் கட்டுற ஒரு சீன கான்ட்ராக்டர், அவர் குடும்பம், அவர்கிட்ட வேலை செய்யற ஆளுங்க. இவ்வளவுதான் கதை. சிங்கப்பூர்லயும் ஜேபிலயும் தன்னை விட்டா ஆளே இல்லன்னு பீத்திக்குவார். பாத்தாமையும் விடமாட்டார், அதையும் சேர்த்துக்குவார்.

நடிச்சவர் குர்மிட் சிங். அப்பா சீக்கியர். ஒரு சிங் வீட்டுப் பிள்ளை சீனத் தவுக்கேயா நடிச்சு, சீனவங்களே விழுந்து விழுந்து சிரிச்சாங்கன்னா அது சாதாரண விஷயமா?

அப்போ நான் பாசிர் கூடாங்ல ஒரு ஃபாக்டரியில இருந்தேன். வாடகை வீட்டுல நாங்க ஏழு பேர். கூரை மேல ஏரியலைச் சிங்கப்பூர் பக்கம் திருப்பி வச்சிருப்போம், காத்தடிச்சா ஒருத்தன் மேல ஏறணும். 1998, பொருளாதார நெருக்கடி வருஷம். ரிங்கிட்டை டாலருக்கு 3.80-ன்னு கட்டிப்போட்ட வருஷமும் அதுதான். எங்களுக்கு ஓ.டி. சுத்தமா நின்னு போச்சு. சாயங்காலம் கையில காசு இல்ல, நேரம் நிறைய இருந்துச்சு. அப்படித்தான் இந்த நாடகம் எங்க வீட்டுக்குள்ள வந்தது.

குடும்பக் கதை ஒரு பக்கம். தம்பி சூ பெங் படிச்சவர், ஆர்க்கிடெக்ட். தம்பி காகிதத்துல கோடு போடுவார், அண்ணன் சிமெண்டு குழைப்பார். தம்பி பொண்டாட்டி மார்கரெட்டுக்கு இங்கிலீஷும் நாகரிகமும்தான் பெரிசு. அண்ணன் பொண்டாட்டி ரோசி வாய் ஓயாத ஆள், நல்ல மனசு. ஓரகத்திங்க ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழ. நம்ம பெண்கள் இதுக்கு மேல என்னைச் சொல்ல விடமாட்டாங்க, எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அம்மாவா நடிச்ச நியோ ஸ்வீ லின்னுக்கும் மகனா நடிச்ச குர்மிட்டுக்கும் நிஜத்துல வயசு வித்தியாசம் ஒண்ணும் பெரிசா கிடையாது. போட்டிக் கான்ட்ராக்டர் ஃபிராங்கி ஃபூவா வந்து வம்பு பண்றவர்தான் அந்தம்மாவோட சொந்த வீட்டுக்காரர். இதைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகு அவங்க ரெண்டு பேரையும் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு.

ஆனா நான் பார்த்தது வேலைக்காரங்களைத்தான். மூணு பேர். கிங் காங், ஆ கூன், அப்புறம் நம்ம ஆளு சூப்ரா. சூப்ராவா நடிச்சவர் மதியழகன். எங்க வீட்டுல இருந்த பெரியவர் ஒருத்தருக்கு முதல்ல கோவம். "சுப்பிரமணியங்கற முருகன் பேரைப் போய் சூப்பு மாதிரி கூப்பிடறானுங்க பாரு" என்பார். நாலஞ்சு வாரம் போனது, அவரே முன்னால வந்து உட்கார்ந்துட்டார். அவர் மனசு மாறினதுக்குக் காரணத்தை நான் ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன்.

அந்த நாடகத்துல எல்லாரையும் விட அதிகமா அசிங்கப்படறது முதலாளிதான். கத்துவார், பீத்துவார், கடைசியில மாட்டிக்கிட்டு முழிப்பார். மூணு பேரும் பக்கத்துல நின்னு பார்ப்பாங்க. நாமளும் அவங்களோட நின்னு பார்க்கிறோம். சிரிப்பு கீழே இருந்து மேல போகுது. அதனாலதான் சூப்ராவைப் பார்த்து எந்தத் தமிழனுக்கும் வயிறு எரியல. உடம்பை வச்சு கிங் காங்னு பட்டப்பேர் அதுலயும் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா தவுக்கே வாங்கற அடி அதைவிடப் பத்து மடங்கு.

எனக்கு ஒரு குறையும் உண்டு. வருஷம் போகப் போகக் கதை எல்லாம் வீட்டுக்குள்ளயே சுத்துச்சு. சூப்ராவுக்கு வீடு எங்க, பிள்ளைங்க உண்டா, சம்பளம் பத்துதா, இதையெல்லாம் கொஞ்சம் காட்டியிருக்கலாம். பத்து வருஷம் ஒரு மனுஷன் உங்களோட வேலை செய்யறான்னா அவன் வீட்டு வாசலையாவது பார்க்க வேண்டாமா? ஃபாக்டரியிலயும் இதே கதைதான், விடுங்க.

இந்தத் தவுக்கே எவ்வளவு பெரிய ஆளாயிட்டார்னா, 1999 தேசிய தினப் பேரணி உரையில பிரதமர் கோ சோக் தோங்கே இவரைப் பத்திப் பேசினார். பிள்ளைங்க எல்லாம் இவர் மாதிரியே உடைஞ்ச இங்கிலீஷ் பேசுதுங்க, இவரை இங்கிலீஷ் வகுப்புக்கு அனுப்புங்கன்னு. உண்மையில இல்லாத ஒரு மனுஷனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொன்ன பிரதமர்! 2003-ல சார்ஸ் வந்தப்போ கையைக் கழுவுங்க, எச்சில் துப்பாதீங்கன்னு சொல்லவும் இவரைத்தான் பாட்டுப் பாட வச்சாங்க. டாக்டர் சொன்னா பயம் வரும். தன்னைப் பார்த்துச் சிரிக்க விட்ட ஆள் சொன்னா காது கொடுத்துக் கேப்பாங்க. 2009-ல நம்ம என்டிவி7-லயும் வந்தார், ஆனா அதுக்குள்ள நான் நைட் ஷிப்டுக்குப் போயிட்டேன், அதிகம் பார்க்கல.

எஸ்டேட்ல வளர்ந்தவங்களுக்குத் தெரியும், மண்டோர் வைக்கிற பட்டப்பேர் ஒருத்தன் சாகிற வரைக்கும் போகாது. கிராணிக்கும் பட்டப்பேர் இருக்கும், ஆனா அதை வீட்டுக்குப் பின்னால மெதுவாத்தான் சொல்லுவாங்க. மேல இருக்கிறவன் கீழ இருக்கிறவனுக்கு வைக்கிற பேர் வேற, கீழ இருக்கிறவன் மேல இருக்கிறவனுக்கு வைக்கிற பேர் வேற. எங்க லைன்ல புதுசா வர்ற பையன் தப்பு பண்ணினா முதல் நாளே ஒரு பேர் விழும். ரெண்டாவது வாரம் அவன் மெடிக்கல் லீவு எடுக்க ஆரம்பிப்பான். மூணாவது வாரம் கார்டு அடிக்க வரமாட்டான். ஆபீஸ்ல கேட்டா, இந்தக் காலத்துப் பசங்களுக்கு உழைக்க மனசில்லன்னு எழுதிடுவாங்க.

இப்போ நம்ம சமையல்கட்டுக்கு வர்றேன்.

பங்குனி உத்திரத்தன்னிக்கு அன்னதானத்துல ஒரு அண்டா சோறு அடிப்பிடிச்சது எல்லாருக்கும் தெரியும். அடுப்பைப் பார்த்துக்கிட்டு இருந்தது ஒரு தம்பி, 19 வயசு. படகுத்துறை பக்கம் வேலை. ராத்திரி வேலை முடிஞ்சு தூங்காம நேரா கோவிலுக்கு வந்த பிள்ளை. அன்னிக்கு விழுந்த பேர் 'அடிப்பிடிச்சான்'. முதல் நாள் எல்லாரும் சிரிச்சாங்க, அவரும் சேர்ந்துதான் சிரிச்சார். ஆனா சித்திரை போய் வைகாசி வந்தும் அந்தப் பேர் போகல. பந்தியில உட்கார்ந்த சின்னப் பிள்ளைங்க வரைக்கும் "அடிப்பிடிச்சான் அண்ணே, தண்ணி"ன்னு கூப்பிடுதுங்க. ஆடி மாசம் பிறந்ததுல இருந்து தம்பியைக் காணோம்.

இதுக்கு முந்தின தைப்பூசத்துல சாம்பார்ல ரெண்டு தடவை உப்பு விழுந்துச்சே, அது யார் போட்டது? பெரியவங்கதான். அவங்களுக்கு நாம பேர் வச்சோமா? "பரவாயில்ல ஐயா"ன்னு சொல்லி ஒரு வாளி தண்ணி ஊத்திட்டுப் போயிட்டோம்.

போன வாரம் தம்பியைப் பசார்ல பார்த்தேன். ஏம்பா வரலன்னு கேட்டேன். கீழ பார்த்துக்கிட்டே சொன்னார்: "அங்கிள், நான் வேலை செய்யத்தான் வந்தேன், வேடிக்கை காட்ட வரல." எனக்குத் திருப்பிச் சொல்ல ஒண்ணும் வரல. மீன் வாங்கின பையை வேற கைக்கு மாத்திக்கிட்டு நின்னேன்.

மழைக்காலம் வரப்போகுது. மெர்சிங்ல நவம்பருக்கு அப்புறம் கடல் கொந்தளிக்கும், தியோமான் படகு நிக்கும், படகுத்துறையில வேலை செய்யற பசங்க பாதிப் பேர் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பிடுவாங்க. இந்தத் தம்பியும் போயிட்டார்னா அந்த அண்டாவைத் தூக்க நம்மகிட்ட இருக்கிறது முட்டி வலிக்கிற அஞ்சு பேர், என்னையும் சேர்த்து.

சமையலுக்குப் பொறுப்பான ஐயாகிட்ட இதை நேராவே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் அந்த உப்புக் கதையை அவரே எடுத்தார், அவரே சிரிச்சார். தம்பியோட நம்பர் கேட்டு வாங்கியிருக்கார். கூப்பிட்டாரா, தம்பி என்ன சொன்னார், எனக்கு இன்னும் தெரியாது.

ஞாயித்துக்கிழமை காலை 6 மணிக்குக் காய் நறுக்கணும். தம்பி வந்தா அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. பிள்ளைங்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வைங்க. யாருக்காவது சிரிக்கணும்னு தோணுச்சுன்னா நான் வெங்காயம் நறுக்கறதைப் பார்த்துச் சிரிங்க, நல்லாவே சிரிப்பு வரும். கத்தி உள்ளவங்க வீட்டுல இருந்து கொண்டு வாங்க, சமையல்கட்டுல மூணுதான் இருக்கு.