குடத்துக்கு ரசீது

பள்ளியில் சில ஆண்டுகள் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்தேன். அலுவலர் என்றதும் ஜீப் கீப் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பாடம் நடத்துகிற வாத்தியார் தலையில் கூடுதலாக ஏற்றிவைக்கிற பொறுப்பு அது. காலாண்டு விடுமுறை வந்தால் பிளஸ் ஒன் பிள்ளைகள் 50 பேரைக் கூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு கிராமத்தில் ஏழு நாள் தங்க வேண்டும்.

காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் தேதி, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் இது. பிறகுதான் மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. சின்னம், கோனார்க் தேர்ச்சக்கரம். அதிலுள்ள எட்டு ஆரங்களும் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கின்றன, எந்நேரமும் சேவைக்குத் தயார் என்று அர்த்தம். வகுப்பில் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு இரவு ஒன்பதரைக்குத் தூங்கப் போய்விடுவேன்.

நான் சொல்ல வந்த முகாம் ராமநாதபுரம் பக்கம் ஒரு கிராமத்தில் நடந்தது. ஊருணியைச் சுற்றி மண்டிய சீமைக் கருவேலத்தை வெட்டுவது வேலை. அதற்கு முன் பெற்றோரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் அம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். "ஏழு நாளு இவன் இல்லைன்னா தண்ணி யாரு சார் பிடிப்பா?" விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

முகாமில் ஐந்து குழு, ஐந்து தலைவர்கள். தலைவர்களை நான்தான் போட்டேன். மைக் பிடித்தால் கை நடுங்காதவர்கள், நன்றியுரையை ஆங்கிலத்திலும் சொல்லக்கூடியவர்கள். மதியம் மூன்று மணிக்குக் கருத்துரை. எங்கள் மாவட்டத்தில் தலைமைப் பண்பு பற்றிப் பேச வருகிறவர் அப்துல் கலாம் பேப்பர் போட்ட கதையில் தொடங்காவிட்டால்தான் ஆச்சரியம். காலையெல்லாம் முள் வெட்டிய பிள்ளைகள் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். பேச்சாளர் பாவம், கனவு காணச் சொல்லிவிட்டுப் போவார்.

நான்காம் நாள் இரவு சமையல்கார அம்மா வந்து எழுப்பினார். தொட்டியில் தண்ணீர் இல்லை, வருவதாகச் சொன்ன டேங்கர் வரவில்லை. விடிந்தால் 50 பேருக்கு உப்புமா கிண்ட வேண்டும். குழுத் தலைவன் ஓடிப்போய்ப் பேப்பர் எடுத்து வந்து, ஊராட்சித் தலைவருக்கு அனுப்புநர், பெறுநர் எல்லாம் போட்டு முத்து முத்தாக மனு எழுதினான். குற்றம் சொல்லவில்லை. நாங்கள் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

பின்னாலிருந்து, அந்தத் தண்ணீர் பிடிக்கிற பையன் தலையைச் சொறிந்தான். "சார், லெட்டரு காலையிலதான் சார் பாப்பாங்க. மோட்டார் போடுற அண்ணன் வீடு கோயிலுக்குப் பின்னாடி. மூணரைக்குத் தண்ணி விடுவாராம்."

உனக்கு எப்படித் தெரியும் என்றேன். வந்த அன்றைக்கே கேட்டு வைத்துக்கொண்டானாம். புது ஊருக்குப் போனால் நான் பஸ் நேரம் கேட்பேன்.

எங்கள் பக்கம் தண்ணீருக்கென்றே குடம் வைக்கிற தள்ளுவண்டி உண்டு. இரண்டு வண்டியும் எட்டுக் குடமும் இரவல் வாங்கிவந்தான். எந்தக் குழாயில் எந்தத் தெருக்காரர்கள் பிடிப்பார்கள் என்று மட்டும் மோட்டார்க்கார அண்ணனிடம் தனியாக விசாரித்தான். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பதினாறு வயதில் அவனுக்கும் தெரிந்திருந்தது.

குழாயடியில் அவன் ஆளைப் பிரித்த விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வண்டி தள்ள நாலு பேர், இறக்கி ஊற்ற ரெண்டு பேர். மனு எழுதியவனை விட்டுவிடவில்லை, எத்தனை குடம் போனது என்று கணக்கு வைக்கச் சொன்னான். ஊர்ப் பெண்கள் பிடித்து முடிக்கிறவரை எங்கள் குடம் ஒன்றும் வரிசைக்குள் போகக் கூடாது என்றான். "அவுக வேலைக்குப் போகணும்டா, நமக்கு என்ன?" அதட்டவே இல்லை. கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னான். ஆறரை மணிக்கு உப்புமா ஆனது, கொஞ்சம் அடிப்பிடித்து.

அன்று மதியக் கருத்துரையில் அவன் முதல் வரிசையில் உட்கார்ந்து நன்றாகத் தூங்கினான். எழுப்பப் போன ஆசிரியரைத் தடுத்தேன். அந்த ஏழு நாளில் தலைமைக்கு நான் செய்த ஒரே காரியம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. குழுத் தலைவர் பட்டியலைக்கூட நான் திருத்தவில்லை. அறிக்கையில் ஏற்கெனவே பெயர் ஏறிவிட்டது, அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அந்த அறிக்கையில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எத்தனை புகைப்படம் என்று எழுத இடம் இருந்தது. மூன்றரை மணித் தண்ணீருக்கு ஒரு கட்டமும் இல்லை.

கடைசி நாள், சாமான்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது என்னிடம் வந்தான். இரவல் வாங்கியதில் ஒரு குடம் கீறிப்போய்விட்டதாம். அந்த அக்காவிடம் புதுசு வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

"வாங்கிடலாம்டா. ஆனா முகாம் கணக்குல குடத்துக்குத் தலைப்பே இல்லையே. ஆடிட்ல கேப்பாங்க" என்றேன், பாதி எனக்குள்ளேயே.

சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த துண்டுச் சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினான். பாத்திரக் கடை ரசீது. பிளாஸ்டிக் குடம் 1 என்று எழுதி, கடை முத்திரையும் குத்தியிருந்தது. குடத்தை முந்தின நாள் சாயங்காலமே கொடுத்துவிட்டானாம்.