நான்கு வீட்டுப் பால் கணக்கு

திங்கள், இரவு

நாங்கள் பால் ஊற்றும் நான்கு வீட்டுக் கணக்கும் சுவர்க் காலண்டரில்தான் இருக்கிறது. மாதக் கடைசியில் கூட்டி எடுப்பதற்குள் அம்மாவுக்குக் கண் பூத்துவிடுகிறது. பைத்தான் படிக்கத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. முதல் வேலையாக இதைச் செய்து தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். வீட்டுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம். அதாவது லிஸ்டுக்குள் லிஸ்ட். பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க முடிவதில் எனக்குத் தனி சந்தோஷம்.

பால் = [[0] * 7] * 4

போன வாரக் கணக்கை ஏற்றினேன். மூன்றாம் வீடு, செவ்வாய், ஒன்றரை லிட்டர். எண்ணிக்கை 0இல் தொடங்குவதால் மூன்றாம் வீடு 2, செவ்வாய் 1.

பால்[2][1] = 1.5

அச்சிட்டுப் பார்த்தால் நான்கு வீட்டுக்கும் செவ்வாயன்று ஒன்றரை லிட்டர்!

செவ்வாய்

நேற்றிரவு முழுக்க நிரலின் இரண்டாவது வரியையே சந்தேகப்பட்டேன். அதில் குற்றமில்லை. பால்[2] என்றால் மூன்றாம் வீட்டின் வரி கைக்கு வருகிறது. அடுத்த [1] அந்த வரிக்குள் போய்க் கட்டத்தைத் தொடுகிறது. கோளாறு நிரலின் முதல் வரியில். நான்கு வரிகளின் ஐடியையும் கேட்டேன். நான்குக்கும் ஒரே எண்!

பெருக்கல் குறி நான்கு வரிகளைச் செய்யவில்லை. ஒரே வரியை நான்கு இடத்திலிருந்து கைகாட்டியிருக்கிறது. என்னை அம்மா கண்ணு என்பாள், ஆத்தா தங்கம் என்பாள், அப்பாவுக்குப் பாப்பா, பள்ளிக்கூடத்தில் வேறு பெயர். யார் கூப்பிட்டாலும் திரும்புவது நான்தான். என் கையில் மருதாணி வைத்தால் நால்வர் கண்ணுக்கும் கை சிவப்புதான்.

உள்ளே [0] * 7 மட்டும் ஏன் தொல்லை தரவில்லை? 0 என்ற எண்ணுக்குள் போய் எதையும் மாற்ற முடியாது. கட்டத்தில் இருப்பதை எடுத்துவிட்டு வேறு எண்ணை வைக்கிறோம், அவ்வளவுதான். பக்கத்துக் கட்டத்துக்கு அது தெரியாது.

பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணத்தில், கேள்வி-பதில் பகுதியில் இதே கேள்வி இருக்கிறது. பார்த்ததும் மனசு லேசானது.

புதன்

வெற்று லிஸ்டில் தொடங்கி, ஃபார் லூப் சுற்றும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு [0] * 7 செய்து அப்பெண்ட் செய்தேன். இப்போது நான்கு ஐடி, நான்கு எண். மறுபடியும் அதே ஒன்றரை லிட்டர்:

[0, 0, 0, 0, 0, 0, 0]
[0, 0, 0, 0, 0, 0, 0]
[0, 1.5, 0, 0, 0, 0, 0]
[0, 0, 0, 0, 0, 0, 0]

அந்த 1.5 தனியாக நிற்பதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளி

"இந்த வாரமும் அதே அளவுதான் கண்ணு, முதல் வீட்டுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை அரை லிட்டர் கூட" என்றாள் அம்மா. புதுவாரம் = பால்[:] என்று நகல் எடுத்துத் திருத்தினேன். போன வாரக் கணக்கிலும் அந்த அரை லிட்டர் ஏறிவிட்டது. நகலானது வெளி லிஸ்ட் மட்டும். உள்ளே இருக்கும் நான்கு வரிகளும் பழையவையே. காப்பி மாட்யூலின் டீப்காப்பி உள்வரிகளையும் சேர்த்துப் புதிதாகச் செய்து தந்தது.

எனக்குப் பயமே, பைத்தான் இரண்டு முறையும் பிழை என்று ஒரு சொல் சொல்லவில்லை என்பதுதான். ஐடி பார்க்காமல் இருந்திருந்தால் ஒரு வீட்டுக்காரர் குடிக்காத பாலுக்குக் காசு கொடுத்திருப்பார்.

ஞாயிறு

அம்மா காலண்டரை மடியில் வைத்துக்கொண்டாள். நான் திரையைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தேன்.

"மூன்றாம் வீடு, செவ்வாய், ஒன்றரை."

விரலை அந்தத் தேதியில் வைத்துப் பார்த்தாள். "சரி. அடுத்தது சொல்லு."