நிரந்தரமாகாதவனின் காய்ச்சல்

உத்தியோகம் தேடி வெளியூர் வரும் நம்மவர், நியமன உத்தரவு கைக்கு வந்த அன்றே ஊருக்குக் கடிதம் எழுதிவிடுகின்றனர். அவ்வுத்தரவின் நடுவே ‘ஆறு மாதம் தகுதிகாண் பருவம்’ என்றொரு வரி இருக்கும். உடல் நலமாக இருக்கும்வரை அவ்வரியின் பொருள் விளங்குவதில்லை. எனக்கு அது 1990-ஆம் ஆண்டு பம்பாய் மழைக்காலத்தில் விளங்கிற்று.

தாணாவில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையின் கணக்குப் பகுதியில் நான் சேர்ந்து அப்போது நான்கு மாதமாகியிருந்தது. மாதுங்காவில் ஓர் அறையில் நால்வராக வசித்தோம். ஊரிலே தந்தையார் ஓய்வு பெற்றுவிட்டார். தங்கை கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். மாதந்தோறும் நான் அனுப்பும் மணியார்டரை நம்பியே அவ்வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஜூலையில் காய்ச்சல் கண்டது. நாளுக்கு நாள் படியேறுவது போல் ஏறிற்று. ஈ.எஸ்.ஐ. மருந்தகத்து மருத்துவர் இரத்தம் சோதித்து, டைபாய்டு என்றார். மூன்று வாரம் ஓய்வு எழுதினார். காய்ச்சல் தணிந்தாலும் குடற்புண் ஆறாதிருக்கும் என்றும், மூன்றாம் வாரத்தில் குடலில் இரத்தம் கசியவோ துளை விழவோ கூடும் என்றும் எச்சரித்தார்.

சான்றிதழுடன் மேலதிகாரியிடம் சென்றேன். அவர் அதைக் கையில் வாங்கவும் இல்லை. “நிரந்தரமானவர்களுக்குத்தான் விடுப்பு. திங்கட்கிழமை வராவிட்டால் பிறகு வரவே வேண்டாம்” என்றார்.

அடுத்த அறையில் திருநெல்வேலிப் பெரியவர் ஒருவர் இருந்தார். பஞ்சாலையில் முப்பது ஆண்டு எழுத்தராக உழைத்தவர். “தம்பி, வாய்ச்சொல்லுக்கு வாய்ச்சொல்லால் பதில் சொல்லாதே. காகிதத்தில் எழுது” என்றார். 1948-ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவையும் அவரே எடுத்துரைத்தார். நோய்க்காகச் சிகிச்சையில் இருக்கும் ஊழியரை, விதிகள் அனுமதித்தாலன்றி, நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்பது அதன் சாரம்.

நோயின் பெயர், மருத்துவர் எழுதிய நாட்கள், திரும்பி வரும் தேதி ஆகிய மூன்றை மட்டும் எழுதி, சான்றிதழின் பிரதியுடன் பதிவுத் தபாலில் ஒப்புதல் அட்டை வைத்து அனுப்பினேன். எவர்மீதும் குறை எழுதவில்லை.

மருத்துவமும் மருந்தும் தடையின்றிக் கிடைத்தன. நோய்க்காலப் பணமோ, புதிதாகச் சேர்ந்தவனுக்கு ஏறத்தாழ ஒன்பது மாதம் கழிந்த பின்னரே உரியதாகும். ஆகவே மூன்று வாரச் சம்பளம் போயிற்று. அறை நண்பர்கள் என் வாடகைப் பங்கைத் தாங்கினர். பெரியவர் வீட்டு அம்மையார் வேளைதோறும் கஞ்சி அனுப்பினார். வீட்டுக்கு உண்மையை எழுதினேன். பணத்தை மறந்து உடம்பைப் பார்க்குமாறு தந்தையார் பதில் எழுதினார்.

திரும்பிச் சென்றபோது நீக்க உத்தரவு வரவில்லை. காரணம் கூறாமல் தகுதிகாண் பருவத்தை மூன்று மாதம் நீட்டித்த உத்தரவே வந்தது. அதுவும் கழிந்து நிரந்தரமானேன். எனினும் உடன் சேர்ந்தவர்கள் ஊதிய உயர்வில் மூன்று மாதம் முந்திவிட்டனர். நான் அங்கிருந்த பதினோர் ஆண்டும் அவ்விடைவெளி நிரம்பவில்லை.

பிற்காலத்தில் நானும் சிலருக்கு மேலாளனானேன். அந்நாற்காலியில் அமர்ந்தபோது ஒன்று புலப்பட்டது. நெடுநாள் உழைத்தவன் நோயுற்றால் அவனுடைய பழைய உழைப்பு அவனுக்காகப் பேசும். புதியவனுக்காகப் பேசக் காகிதம் ஒன்றே உண்டு. ஆதலால், என்னிடம் வந்த சான்றிதழ் எதையும் நான் வாங்காமல் திருப்பியதில்லை.

இன்று வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள், தகுதிகாண் பருவத்து விடுப்பைப் பற்றி நியமன உத்தரவு என்ன சொல்கிறதென்று முதல் வாரத்திலேயே படித்தறிதல் நலம். தமக்கு ஈ.எஸ்.ஐ. உண்டா, அன்றி நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடா என்று கேட்டறிதல் வேண்டும். நோயுற்ற அன்றே மருத்துவச் சான்று பெற்று, மின்னஞ்சலில் அனுப்பிப் பிரதி வைத்துக்கொள்ளல் வேண்டும்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் தனியறையில் வாழும் புதுப்பிள்ளை இரண்டு நாளாகக் கண்ணில் படவில்லையெனில், கதவைத் தட்டிப் பாருங்கள்.