ஆறு போத்தல் தேன்

முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்தவன் நான். ஒவ்வொரு வருடமும் றொபின்சன் குறூசோவின் சுருக்கப் பதிப்பைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன். "சேர், அந்தத் தீவு எங்க இருக்கு?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். தேசப் படத்தில் தென்னமெரிக்காவின் ஒரினோக்கோ ஆற்று முகத்துவாரத்தைத் தொட்டுக் காட்டுவேன். டானியல் டீஃபோ தன் கதையில் தீவை அங்கேதான் வைத்திருக்கிறார். அதற்குக் கிட்ட இருக்கும் டொபாகோ என்ற கரீபியன் தீவு, தன்னைக் குறூசோவின் தீவு என்றே உல்லாசப் பிரயாணிகளுக்குச் சொல்லிக்கொள்கிறது. குறூசோவின் குகை என்று ஒன்றையும் காட்டுகிறார்கள். பிஜன் பொயின்ட் கடற்கரை, பக்கூ பவளப்பாறை, ஆர்கைல் நீர்வீழ்ச்சி என்று அத்தீவின் இடங்கள் எனக்கு மனப்பாடம்.

ஆனால், மூதூரில் பிறந்து வளர்ந்த எனக்கு, அதே கொட்டியாரப்பற்றில் இருக்கிற ஈச்சிலம்பற்றில் பூநகர் எது, வாழைத்தோட்டம் எது என்று சென்ற வருடம் வரை தெரியாது.

குறூசோவின் சொந்தக்காரர்களில் நாங்களும் உண்டு என்று வகுப்பில் பெருமையடிப்பேன். புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், அதைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் அதன் தலைவரையும் மகன் றொபர்ட் நொக்ஸையும் மூதூரில் வைத்து இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் மறுவருடமே இறந்துபோனார். மகன் பத்தொன்பது வருடம் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி ஓடினார். 1681இல் இலண்டனில் அவரது புத்தகம் வெளிவந்தது. 1719இல் குறூசோவை எழுதிய டீஃபோ, அடுத்த வருடம் வந்த தன் 'கப்டன் சிங்கிள்டன்' நாவலில் நொக்ஸின் கதையையே எடுத்துச் சொல்கிறார். நொக்ஸ் பிடிபட்ட புளியமரத்தடியில் 1893இல் நினைவுக்கல் ஒன்றும் நாட்டினார்கள்.

ஒரு விசயத்தை நான் வகுப்பில் அழுத்திச் சொன்னதில்லை. நொக்ஸ் அந்த நாட்டைச் சுற்றிப் பார்த்தது வியாபாரியாக. தொப்பி பின்னி விற்றார். பிறகு புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் என்று சுமந்துகொண்டு ஊர் ஊராக வடக்கே போனார். விற்கிற சாட்டில் வழிகளைப் படித்தார்.

என் வாப்பாவும் அப்படித்தான். சுபஹ் தொழுதுவிட்டுச் சைக்கிளின் பின்னால் சாரம், சீத்தை, சேலை என்று பெரிய பொட்டணியாகக் கட்டிக்கொண்டு புறப்பட்டால், தோப்பூர் தாண்டி ஈச்சிலம்பற்று, வெருகல் வரை போவார். திரும்பி வரும்போது தேனும் சோளனும் சைக்கிளில் இருக்கும். காசு கைமாறுவது குறைவு. எல்லாம் கொப்பியில்தான்.

அந்தக் கொப்பி 1990 ஆனியோடு நின்றுபோனது. அந்த வருடம் ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே மாதங்களில் கிழக்கின் தமிழ்க் கிராமங்களிலும் பிணங்கள் விழுந்தன. வாப்பா பிறகு சைக்கிளைத் தொடவில்லை. 2006 ஓகஸ்டில் மூதூரே காலியாகி நாங்கள் கந்தளாய்க்கு நடந்தபோது, உம்மா வளவு உறுதியோடு அந்தக் கொப்பியையும் சீலைக்குள் சுற்றிக்கொண்டு வந்தா. அந்த வருடமே ஈச்சிலம்பற்றுச் சனம் வெருகல் ஆற்றைக் கடந்து வாகரைப் பக்கம் ஓடியது. பாதை ஒன்றுதான். நாங்கள் ஒரு திசையில் ஓடினோம், அவர்கள் மறு திசையில் ஓடினார்கள்.

வாப்பா மௌத்தாகி வெகுகாலத்துக்குப் பிறகு கொப்பியை ஒருநாள் ஆறுதலாகப் புரட்டினேன். வரவேண்டிய கணக்குகள் பக்கம் பக்கமாக இருந்தன. அவற்றை அல்லாஹ்வுக்காக விட்டுவிடலாம். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது: "பூநகர், புளியடி வளவு, தேன் 6 போத்தல், கொடுக்க." மரணித்தவரின் கடன் தீராமல் நான் அவரது காணியில் குடியிருக்கிறேன் என்பது அன்று இரவு முழுவதும் என்னை உறங்க விடவில்லை.

சென்ற வருடம் ஷஃபான் மாதத்தில், ஆறு போத்தல் தேனின் இன்றைய விலையைக் கடித உறையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனேன். வீட்டில் சுற்றிப் பார்க்கப் போவதாகத்தான் சொன்னேன். காப்பெட் றோட்டு. பாசிக்குடாவிலிருந்து நிலாவெளிக்குப் போகும் வெள்ளைக்காரர்களின் வாகனங்கள் நிற்காமல் என்னைக் கடந்து போயின. வாப்பா அரை நாள் மிதித்த வழி ஒரு மணித்தியாலம் கூட எடுக்கவில்லை.

புளியடி வளவில் புளியமரம் இல்லை. தேன் கொடுத்த அம்மாவும் இல்லை. அவரது மகள் இருந்தார், என்னைவிடச் சற்று மூத்தவர். கொப்பியைக் காட்டினேன்.

"புடவைக் காக்காட மகனா நீங்க?" என்று கதிரையை இழுத்துப் போட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சோறு தந்தாச் சாப்பிடுவீங்களோ தெரியா தம்பி. இளநி வெட்டச் சொல்றன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வெறும் வெளியாகக் கிடந்த ஒரு மூலையைக் கையால் காட்டி அவரே தொடர்ந்தார்: "பழைய வீட்டுத் திண்ணை அங்கதான் இருந்தது. உங்கட வாப்பா அதிலதான் பாய் விரிச்சுத் தொழுவார். அம்மா மீன்கறி ஆக்கிச் சோறு குடுப்பா."

"நானும் சாப்பிடுவேன் அக்கா" என்றேன்.

அடுப்பில் சோறு கொதிக்கும் நேரத்தில், அவரது பேரன் என்னை இலங்கைத்துறை முகத்துவாரத்துக்குக் கூட்டிப் போனான். கழி கடலோடு சேருமிடம். பக்கத்தில் பாறைக் குன்று, அதன்மேல் விகாரை. நான்காம் நூற்றாண்டில் கலிங்கத்து இளவரசி ஹேமமாலி, புத்தரின் தந்தத்தைக் கூந்தலில் மறைத்து வந்து இறங்கிய துறை இது என்பது பௌத்தர்களின் நம்பிக்கை. வெருகல் ஆற்றங்கரை முருகன் கோயில் திருவிழாவைப் பற்றிப் பையன் சொல்லிக்கொண்டே வந்தான். எந்தத் தீவின் கடற்கரைக்கும் குறையாத வெள்ளை மணல். வாப்பா இதையெல்லாம் பார்த்திருப்பார். வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் சொன்னதெல்லாம் மனிசரைப் பற்றித்தான்: யார் வீட்டில் கல்யாணம், யாருக்குச் சுகமில்லை.

சாப்பிட்ட பிறகு உறையை நீட்டினேன். வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"றோட்டுப் போட்டு எத்தினை வருசம் தம்பி? ஏன் ஒருத்தரும் வரல்ல?"

எத்தனையோ காரணம் சொல்லியிருக்கலாம். ஒன்றும் வாயில் வரவில்லை.

"நாங்களும் வரல்லத்தான்" என்று அவரே சொன்னார். பிறகு, "எடுக்காட்டி உங்கட வாப்பாக்குக் கடன் நிக்கும், என்ன?" என்று கேட்டுவிட்டு, இரண்டு கையாலும் உறையை வாங்கிக்கொண்டார். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுக்க வேண்டிய விசயம் அது. அவருக்கு என் வாப்பாவிடமிருந்துதான் தெரிந்திருக்க வேண்டும்.

புறப்படும்போது ஒரு போத்தல் தேன் கேட்டேன். பொக்கற்றில் பெற்றோலுக்கு மட்டுமே காசு இருந்தது.

"கொண்டு போங்க. காசு பிறகு வரக்குள்ள தாங்க."

வீட்டுக்கு வந்ததும் வாப்பாவின் வரியைப் பேனையால் வெட்டினேன். அதன் கீழே எழுதினேன்: "பூநகர், புளியடி வளவு, தேன் 1 போத்தல், கொடுக்க." உம்மா கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டு, "நோன்பு வருகுது, கடனை வச்சிருக்காத மகன்" என்றா. தலைநோன்புக்கு முந்திய சனிக்கிழமை போனேன். இந்த முறை உம்மாவும் வந்தா.